வெறும் வயிறு என்றால் என்ன?

நாய், பூனை வளர்ப்போருக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் சங்க இதழின் ஆசிரியர் குழுவினர் பல நாட்களாகக் கேட்டு வருகின்றனர். மைசூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அறுவை சிகிச்சையில் கத்தி பிடிப்பது மருத்துவர் வேலை. அதற்கு முந்திய இரவும் பிந்திய பத்துப் பன்னிரண்டு நாட்களும் வீட்டார் வேலை. அந்த வீட்டார் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

மார்டள்ளி எங்கள் ஊர்ப் பக்கம். மாதேசுவரன் மலைக்குப் போகும் வழியில் காட்டை ஒட்டிய தமிழ்க் கிராமம். 1956 வரை கொள்ளேகால் தாலுகா முழுவதும் கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதன் பிறகு மைசூர் மாநிலத்தில் சேர்ந்தது. 1997 இல் சாமராஜநகர் தனி மாவட்டமாகும் வரை எங்களுக்கு மாவட்டத் தலைநகர் மைசூர்தான். அங்குள்ளவர்களில் பலருக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு.

1994 இல் அந்த ஊரிலிருந்து ஓர் அம்மாள் தம் நாயை என்னிடம் கொண்டுவந்தார். பெயர் செவலை, நான்கு வயது. சோளக்காட்டில் பன்றி விரட்டும் நாய். ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். ஒவ்வொரு ஈற்றிலும் ஐந்தாறு குட்டிகள். குட்டிகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோய்ச் சந்தையோரம் விட்டுவிட்டு வருவதற்கு மனம் ஒப்பவில்லை என்று அவரே முன்வந்து கருத்தடை அறுவைக்கு ஒப்புக்கொண்டார். அக்காலத்தில் கிராமத்திலிருந்து அப்படிக் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு.

அதற்கு ஒரு வாரம் முன்பே அவரிடம் சீட்டு ஒன்றைக் கொடுத்திருந்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரி, கன்னடத்தில் நான்கு வரி. வாயாலும் தமிழில் சொன்னேன்: "வெறும் வயித்தோட கூட்டிட்டு வாங்க." வீரப்பனைத் தேடிக்கொண்டிருந்த காலம், விடியுமுன் அந்த மலைச்சாலையில் வண்டி கிடைக்காது. ஆகையால் முதல் நாளே கிளம்பிக் கொள்ளேகாலில் உறவினர் வீட்டில் தங்கி, காலையில் வந்து சேர்ந்தார். "ஏதாவது கொடுத்தீர்களா?" என்றேன். "சோறு ஒரு பருக்கை போடலை தம்பி" என்றார்.

மயக்கத்துக்கு முன் கொடுக்கும் சைலசின் ஊசி நாய்க்கும் பூனைக்கும் குமட்டலை உண்டாக்கக் கூடியது. பெரும்பாலும் அசந்து தூங்குமுன்னே வாந்தி எடுத்துவிடும், ஆபத்தில்லை. செவலை மயங்கிய பிறகு எடுத்தது. வந்தது பால். மூச்சுக்குழாய்க்குள் குழல் செலுத்திக் காக்கும் வசதி அன்று என் அறையில் இல்லை. அறுவையை நிறுத்தித் தொண்டையைத் துடைத்துத் தலையைத் தாழ்த்தி வைத்தேன். பால் நுரையீரலுக்குள் போய்விட்டது. மூன்றாம் நாள் நிமோனியாவில் செவலை இறந்தது.

"பால் கொடுத்தேன் தம்பி, பட்டினியா எப்படிக் கூட்டிட்டு வரதுன்னு" என்றார் அந்த அம்மாள். அவர் மீது தவறில்லை. நம் வீடுகளில் காப்பி குடித்தவரும் "இன்னும் வெறும் வயிறு" என்றுதான் சொல்வார். சோறும் இட்டிலியும் உள்ளே போனால்தான் நமக்குச் சாப்பாடு. அந்தச் சொல்லை நான் மருத்துவக் கல்லூரிப் பொருளில் சொன்னேன், அவர் வீட்டுப் பொருளில் கேட்டுக்கொண்டார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டபோதாவது "பால்?" "தண்ணீர்?" "ரொட்டி?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

ஆகையால் தெளிவாக எழுதிவிடுகிறேன். வளர்ந்த நாய், பூனைக்கு முதல் நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி. அதன் பிறகு சோறு, பால், பிஸ்கட், முட்டை, எலும்பு எதுவும் கூடாது. தண்ணீர் மட்டும் காலை வரை வைக்கலாம். எப்போது எடுப்பது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும். தெருவில் மேயாதபடி கட்டியோ அறையில் அடைத்தோ வைக்கவும். சின்னக் குட்டிகளை இப்படி இரவு முழுவதும் பட்டினி போடக்கூடாது. உடலில் சர்க்கரை குறைந்து துவண்டுவிடும். அவற்றுக்குச் சில மணி நேரமே போதும். தவறிப்போய் ஏதாவது தின்றுவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அறுவையை ஒரு நாள் தள்ளி வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நிற்க. அந்த அம்மாள் அதன் பிறகு எந்த நாயையும் அறுவைக்குக் கொண்டுவரவில்லை. அடுத்து வளர்த்த கறுப்பியை அப்படியே விட்டுவிட்டார். 2003 இல் கறுப்பிக்கு எட்டு வயது. பருவம் முடிந்து ஒரு மாதம் கழித்து, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிறது, அடிக்கடி மூத்திரம் போகிறது, சோற்றைத் தொடுவதில்லை, வயிறு உப்பியிருக்கிறது என்று அவர் மகன் லக்கேஜ் ஆட்டோவில் ஏற்றி வந்தார். பார்த்தவுடனே தெரிந்தது: கருப்பையில் சீழ்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு நடுவயதில் இது வருவது சகஜம். ஒவ்வொரு பருவத்துக்குப் பின்னும் சினை பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் புரோஜெஸ்டிரோன் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தடிக்க வைக்கிறது. அங்கே குடல் கிருமி ஏறினால் அதற்கு நல்ல இடம். ஸ்வீடனில் காப்பீடு செய்த நாய்களை வைத்துக் கணக்கெடுத்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு இந்நோய் வந்திருந்தது. வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடிந்து நமக்குத் தெரியும். மூடியிருந்தால் உள்ளேயே தேங்கி இரத்தத்தில் நஞ்சு ஏறும். பெரும்பாலும் சலைனும் கிருமிக்கொல்லி மருந்தும் ஏற்றி உடம்பைத் தேற்றிக் கருப்பையை எடுத்துவிடுவதே வழி.

நலமாக இருக்கும் நாய்க்குச் செய்யும் கருத்தடையும் இதே அறுவைதான். ஆனால் அங்கே கருப்பை பென்சில் பருமன் இருக்கும். கறுப்பிக்கு வாழைப்பழம் போல் வீங்கிக் கிழிந்துவிடும் நிலையில் இருந்தது. முன்னதில் நான் நிதானமாக வேலை செய்வேன். பின்னதில் கை வியர்க்கும். (எந்த வயதில் கருத்தடை செய்வது என்பதற்கு ஒரே விடை இல்லை. பெரிய இன நாய்களுக்கு மூட்டு வளர்ந்து முடிய விடுவது நல்லது என்று இப்போது கருதுகிறார்கள்.)

கறுப்பி பிழைத்தது. மூன்றாம் நாள் அழைத்துப்போக அந்த அம்மாளே வந்தார். "என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாது, அதைத் தமிழ்ல எழுதிக் குடு தம்பி" என்றார். அன்று எழுதியதைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதல் நாள் தள்ளாட்டம் நிற்கும் வரை உணவு வேண்டாம். பிறகு வழக்கத்தில் பாதி. குளிர் படாத இடத்தில் பழைய போர்வை மீது படுக்க வைக்கவும். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்கவேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்பவேண்டும். வெளுத்திருந்தால் உள்ளே இரத்தம் கசியக்கூடும். உடனே தூக்கிக்கொண்டு ஓடவும்.

தையலை நக்கவிடக்கூடாது. நாய் நக்கினால் புண் ஆறும் என்பது தவறான நம்பிக்கை. நக்கியே தையலைப் பிரித்துவிடும். கழுத்துக் கூம்பு வாங்க முடியாவிட்டால் சிறிய பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றிக் கழுத்துப் பட்டையோடு கட்டலாம். மார்டள்ளியில் கறுப்பிக்கு அதைத்தான் செய்தார்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், சாம்பல் எதையும் பூசவேண்டாம். தையல் பிரிக்கும் வரை, அதாவது 10 முதல் 14 நாள் வரை, குளிப்பாட்டவும் ஓடவிடவும் கூடாது.

பூனை வளர்ப்போர் இதைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளவும். காய்ச்சலுக்கும் வலிக்கும் நாம் போடும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஒரே மாத்திரையில் இறக்கும். வலி தெரிகிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். பினாயில் ஊற்றிக் கழுவிய தரையிலும் பூனையை விடாதீர்கள். நாய்க்கும் நம் மாத்திரை வேண்டாம். வலிக்கு அவற்றுக்கென்று மருந்து உண்டு. கேட்டால் மருத்துவர் தருவார். அறுவைக்குப் பின் பூனை ஒரு நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் இருந்தால் பொறுத்துப் பார்க்கவேண்டாம். பட்டினியில் அதன் ஈரலில் கொழுப்பு படிந்துவிடும்.

தெருநாய்களுக்கு இந்தப் பத்து நாளைப் பார்த்துக்கொள்ள வீடு இல்லை. தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து விடும் திட்டத்தைச் சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964 இலேயே முன்வைத்தது. மாநகராட்சி ஏற்றுக்கொள்ள 1996 ஆயிற்று. 2001 இல் நாடு முழுவதுக்கும் விதிகள் வந்தன, 2023 இல் புதியவை. இம்முறையில் அறுவை முடிந்த நாயைக் கூண்டில் வைத்துப் பார்த்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாள வெட்டுடன் பிடித்த தெருவிலேயே விடவேண்டும். காது வெட்டுப்பட்ட நாயைக் கண்டால், அதற்கு இதெல்லாம் ஆகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

கறுப்பிக்குத் தையல் பிரிக்கப் பன்னிரண்டாம் நாள் வந்தார்கள். வாளியோடுதான் ஆட்டோவிலிருந்து இறங்கியது. அந்த அம்மாள் மடித்து வைத்திருந்த சீட்டை எடுத்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் காட்டி, "இது செஞ்சாச்சு, இது செஞ்சாச்சு" என்றார். கடைசியில், "காலையில பால் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார். கொடுக்கலாம் என்றேன்.