பட்டியல் தொடர்களும் நிறுத்தக்குறிகளும்

பல பொருள்களை ஒரே தொடரில் அடுக்கிக் கூறும்போது, ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்பது தெளிவாதல் வேண்டும். பேச்சில் அதனைக் குரலின் இடைவெளி காட்டும். எழுத்தில் நிறுத்தக்குறிகள் காட்டும்.

திருப்பதிக் கடைத்தெருவுக்குச் செல்லும் மகனிடம் தாய் ஒரு சீட்டுத் தருகிறார். அதில் ‘தேங்காய், எண்ணெய், வெல்லம்’ என்றிருந்தால் வாங்க வேண்டியவை மூன்று. ‘தேங்காய் எண்ணெய், வெல்லம்’ என்றிருந்தால் இரண்டே. ஒரு காற்புள்ளி விடுபட்டால் அன்றைய சமையலுக்குத் தேங்காய் கிடைக்காது.

1. தொகைச்சொல் முன்னே வருதல்

பலவற்றைத் தொகுத்துச் சொல்லும் சொல் முதலில் வந்து, அதன் விரிவு பின்னால் வருமாயின், இரண்டிற்கும் இடையே முக்காற்புள்ளி இடுக.

திருமலையின் ஏழு மலைகள்: சேஷாத்திரி, நீலாத்திரி, கருடாத்திரி, அஞ்சனாத்திரி, விருஷபாத்திரி, நாராயணாத்திரி, வேங்கடாத்திரி.

2. தொகைச்சொல் பின்னே வருதல்

பெயர்கள் முதலில் வந்து, ‘ஆகிய’, ‘ஆகியவை’ போன்ற சொற்கள் அவற்றைத் தொகுக்குமாயின், முக்காற்புள்ளி வேண்டா. இறுதிப் பெயருக்குப் பின் காற்புள்ளியும் வேண்டா.

சித்தூர், பலமனேர், குப்பம் ஆகிய ஊர்களில் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர்.

3. எண்ணும்மை வருதல்

ஒவ்வொரு பெயரும் ‘உம்’ பெற்று வந்தால், அந்த உம்மையே பெயர்களைப் பிரித்துக் காட்டும், காற்புள்ளி தேவையில்லை.

அக்காளும் தம்பியும் பாட்டியும் சித்தூருக்குச் சென்றனர்.

தெலுங்கில் இறுதிப் பெயருக்கு முன் ‘மரியு’ என்னும் சொல் வருவதுண்டு. தமிழின் பழைய வழக்கோ எல்லாப் பெயர்களுக்கும் ‘உம்’ சேர்ப்பதாகும். ஓலைச்சுவடிகளில் காற்புள்ளி முதலிய குறிகள் இல்லை. அக்காலத்தில் அடுக்கி வரும் பெயர்களைப் பிரித்துக் காட்ட உம்மை பெரிதும் துணைநின்றது. இன்றுள்ள குறிகள் ஐரோப்பியர் வருகைக்குப் பின், அச்சு நூல்களின் வழியே தமிழில் பரவின.

4. பட்டியலுக்குள் பிரிவுகள் வருதல்

ஒரு பட்டியலில் இரண்டு பிரிவுகள் இருப்பின், பிரிவுக்குள் காற்புள்ளியும், பிரிவுகளுக்கு இடையே அரைப்புள்ளியும் இடுக.

2022 ஏப்ரல் 4 அன்று உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்த ஊர்களுட் சில: சித்தூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி, சந்திரகிரி, திருக்காளத்தி; நெல்லூர் மாவட்டத்திலிருந்து கூடூர், வெங்கடகிரி, சூளூர்ப்பேட்டை.

இங்கே அரைப்புள்ளிக்கு மாறாகக் காற்புள்ளி இட்டால், ஒரு மாவட்டத்தின் பெயர்கள் முடியும் இடம் உடனே புலப்படாது.

நினைவிற் கொள்க

தொகைச்சொல் முன்வந்தால் முக்காற்புள்ளி. ‘ஆகிய’ பின்வந்தால் அது வேண்டா. உம்மை வந்தால் காற்புள்ளியும் வேண்டா.

பயிற்சி

அ. உரிய குறிகளை இடுக.

1. சித்தூர் மாவட்டத்தின் அண்டை மாநிலங்கள் தமிழ்நாடு கருநாடகம்
2. தோத்தாபுரி நீலம் பங்கனப்பள்ளி ஆகிய மாம்பழ வகைகள் சித்தூர்ப் பகுதியில் விளைகின்றன

ஆ. எண்ணும்மை சேர்த்து எழுதுக.

அம்மா அரிசி, பருப்பு, புளி வாங்கினார்.

இ. உன் வீட்டில் வழங்கும் மொழிகளை, முதலில் முக்காற்புள்ளி இட்டும் பின்னர் ‘ஆகிய’ சேர்த்தும் இரு தொடர்களாக எழுதுக.