58 எஃப்/12-ல் நம்ம வீடு இருக்கு, பாப்பா

"புவியியல்னா என்னத்தா, மேப்புக்குக் கலர் அடிக்கிற படிப்பா?"

உனக்கு பி.எஸ்ஸி. சீட்டு கிடைத்த அன்று அப்பத்தா கேட்டது இது. எனக்குக் கிடைத்தபோதும் இதையேதான் கேட்டது. அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். உண்மையைச் சொன்னால், முதல் செமஸ்டரில் பாதி நேரம் கலர்தான் அடிப்பாய். மீதி நேரத்தை வீணாக்காமல் இருக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறுவதற்குள் படித்துவிடு. ஏறிவிட்டால் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் நீ தூங்கிவிடுவாய் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நம் தாளைக் கண்டுபிடி

லேபில் பெரிய பீரோ ஒன்று இருக்கும். அதற்குள் சுருட்டியும் மடித்தும் டோப்போஷீட் வைத்திருப்பார்கள். இந்திய நில அளவைத் துறை போட்ட தாள்கள். 1767-ல் தொடங்கிய துறை அது. முதல் வாரம் ஏதோ ஒரு வட இந்தியத் தாளைக் கையில் கொடுத்து "இதைப் படிங்க" என்பார்கள். அந்த ஊர் எங்கே இருக்கிறதென்றே தெரியாமல் குறியீடுகளை மனப்பாடம் செய்வாய். நான் அப்படித்தான் செய்தேன், ஒன்றும் ஏறவில்லை.

நீ நம் ஊர்த் தாளைக் கேட்டு வாங்கு. எண் எப்படிக் கண்டுபிடிப்பது? 58 என்ற பெரிய கட்டம் கிழக்கே 76 டிகிரியிலிருந்து 80 வரை, வடக்கே 8 டிகிரியிலிருந்து 12 வரை. அதை டிகிரிக்கு ஒன்றாகப் பதினாறு கட்டமாக வெட்டி ஏ, பி, சி என்று எழுத்துக் கொடுத்திருப்பார்கள். இடது மேல் மூலையில் ஆரம்பித்து, கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி மேலிருந்து கீழாக எண்ண வேண்டும். கீழே முட்டியதும் அடுத்த வரிசையின் தலைக்குப் போக வேண்டும். குறுக்கே எண்ணினால் தப்பு. நம் கெங்குவார்பட்டி 77 டிகிரி 40 நிமிடத்தை ஒட்டி, 10 டிகிரி 10 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது. இரண்டாவது வரிசையில் இரண்டாவது கட்டம், அதாவது எஃப். அந்த எஃப்-ஐ மறுபடி பதினைந்து பதினைந்து நிமிடமாகப் பதினாறாக வெட்டு. மூன்றாவது வரிசையில் கடைசிக் கட்டத்தில் நாம் விழுவோம். 58 எஃப்/12. தேவதானப்பட்டியும் பெரியகுளமும் அதே தாள்தான். கொடைக்கானல் ஏரி பக்கத்துத் தாளுக்குப் போய்விடும், 58 எஃப்/8. இப்போது வருகிற ஓப்பன் சீரிஸ் தாள்களுக்கு எண் முறை வேறு. ஆனால் பீரோவில் இருப்பது பெரும்பாலும் பழசு. வைவாவிலும் பழசைத்தான் கேட்பார்கள்.

தாள் கைக்கு வந்ததும் காட்ரோட்டிலிருந்து கொடைக்கானல் ரோட்டை விரலால் பிடித்துக்கொண்டு ஏறு. நீ நூறு தடவை பஸ்ஸில் போய் வாந்தி எடுத்த ரோடு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவும் எதற்காக அங்கே வளைகிறது என்பது பழுப்புக் கோடுகளைப் பார்த்தால் புரியும். கோடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கிற இடத்தில் ரோடு நேராக ஏற முடியாமல் கோட்டோடு கோடாக ஒதுங்கிப் போகும். சம உயரக் கோடு என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதுவரை நோட்டில் எழுதியிருந்த விளக்கம் வெறும் எழுத்து.

வைவாவில் தவறாமல் வருகிற கேள்வி ஒன்று: கோடு "வி" மாதிரி மடங்கினால் பள்ளமா, மேடா? வி-யின் மூக்கு உயரமான பக்கம் நீட்டினால் ஓடை. தாழ்வான பக்கம் நீட்டினால் மலையிலிருந்து இறங்குகிற மேட்டு முதுகு. மஞ்சளாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ப் பார், எல்லா மூக்கும் மலையைப் பார்த்தே நீட்டிக்கொண்டிருக்கும். நீல நிறத்தில் இருந்தால் தண்ணீர் உள்ள ஓடை, கறுப்பில் இருந்தால் காய்ந்து கிடக்கிற ஓடை. இதை மாற்றிச் சொல்லித்தான் நிறையப் பேர் மார்க் இழக்கிறார்கள்.

என் மலை மின்கம்பம் ஆன கதை

குறுக்குவெட்டு வரைவதில் நான் செய்த கூத்தை இன்றைக்கும் என் தோழிகள் சொல்லிச் சிரிப்பார்கள். முறை எளிது. இரண்டு புள்ளிக்கு நடுவே கோடு போடு. ஒரு காகிதப் பட்டையை அந்தக் கோட்டோடு ஒட்டி வை. எந்தெந்த இடத்தில் சம உயரக் கோடு வெட்டுகிறதோ அங்கெல்லாம் பட்டையில் சின்னக் கோடு கிழித்து உயரத்தை எழுது. பட்டையைக் கிராஃப் தாளின் அடியில் வைத்து, உயரத்துக்கு ஏற்ப மேலே புள்ளி வைத்துச் சேர்த்தால் மலை எழுந்து நிற்கும்.

நமக்குக் கிடைக்கிற தாள் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று. படுக்கையில் ஒரு சென்டிமீட்டர் என்றால் 500 மீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் இடைவெளி. நான் என்ன செய்தேன்? கோடு 20 மீட்டர்தானே என்று நிற்கும் பக்கத்திலும் சென்டிமீட்டருக்கு 20 மீட்டர் வைத்துவிட்டேன். 1,500 மீட்டர் ஏற்றத்துக்கு 75 சென்டிமீட்டர் உயரம்! கிராஃப் தாளைத் தாளோடு ஒட்டி ஒட்டி மேலே கொண்டுபோனேன். பழனி மலை ஈபி கம்பம் மாதிரி நின்றது. 500-ஐ 20-ஆல் வகுத்துப் பார்த்திருந்தால் இருபத்தைந்து மடங்கு ஊதியிருக்கிறேன் என்று தெரிந்திருக்கும். நிற்கும் பக்கம் சென்டிமீட்டருக்கு 200 மீட்டர் வை. இரண்டரை மடங்குதான் ஊதும், மலை மலையாகவே இருக்கும், தாளுக்குள்ளும் அடங்கும். எத்தனை மடங்கு என்பதைப் படத்துக்குக் கீழே எழுத மறக்காதே. அதற்குத் தனி மார்க் உண்டு.

ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கு முடித்துக் கையெழுத்து வாங்கிவிடு. கடைசி வாரத்தில் மொத்தமாக வரைகிறவள் கை நடுங்கித்தான் வரைவாள். சாமான் பெரிதாக வாங்க வேண்டாம்: 2ஹெச் பென்சில், மெல்லிய முனை இங்க் பேனா, மூலைமட்டம், ட்ரேசிங் பேப்பர், கிராஃப் தாள், ஒரு முழம் தையல் நூல். நூல் எதற்கு என்கிறாயா? வளைந்து போகிற ரோட்டின் நீளத்தை ஸ்கேல் அளக்காது. நூலை ஈரப்படுத்தி ரோட்டின் மேல் படிய வைத்து, பிறகு நீட்டி அளந்தால் கிலோமீட்டர் வந்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர்.

பரீட்சைப் பேப்பரில் நம் ஊரை எழுது

"மழை மறைவுப் பகுதியை விளக்குக" என்றால் எல்லாரும் புத்தகத்தில் இருக்கிற தக்காண பீடபூமியையே எழுதுவார்கள். உனக்கு அது எதற்கு? ஜூன், ஜூலையில் இடுக்கிப் பக்கம் அடித்துக் கொட்டும்போது தேனியில் வெறும் காற்றுதான் வீசும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அந்தக் காற்றில்தான். நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருகிறது. அப்படியிருந்தும் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. ஏனென்றால் மேற்கே போக வேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை 1895-ல் பென்னிகுயிக் கட்டிய அணை தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிவிட்டது. இயற்கைப் புவியியலும் மனிதப் புவியியலும் ஒரே பத்தியில் வந்துவிட்டன, பார்த்தாயா? இடுக்கியிலிருந்து தேனி வரைக்கும் ஒரு குறுக்குவெட்டுப் படமும் போட்டுவிடு. திருத்துகிறவருக்கு நூறாவது தக்காண பீடபூமியைப் படித்த அலுப்பில் அது எப்படி இருக்கும்!

உயரம் கூடினால் வெப்பம் குறைவதற்கும் பஸ்ஸே போதும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி. நம் அடிவாரத்துக்கும் கொடைக்கானலுக்கும் சுமார் 1,800 மீட்டர் வித்தியாசம். கணக்குப் போட்டால் பதினொன்று பன்னிரண்டு டிகிரி வரும். டம் டம் பாறையில் இறங்கினால் எதிரே எலிவால் அருவி, 297 மீட்டர். செங்குத்துச் சரிவுக்கு அதைவிட நல்ல உதாரணத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

தமிழ் மீடியத்திலிருந்து போகிறாய், பாடம் இங்கிலீஷில் நடக்கும் என்று பயப்படுகிறாய். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடு. முதல் கட்டத்தில் இங்கிலீஷ் சொல், இரண்டாவதில் தமிழ், மூன்றாவதில் நம் ஊர்ப்பக்கம் அது இருக்கிற இடம். ஐசோஹைட், சம மழைக் கோடு. ஐசோபார், சம அழுத்தக் கோடு. டிரிபியூட்டரி, துணையாறு, வைகைக்கு மஞ்சளாறு. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிற சொல் எப்படியும் மறந்துபோகும்.

கம்ப்யூட்டர் பக்கம்

இரண்டாம் வருஷம் வரைக்கும் காத்திருக்காதே. கியூஜிஐஎஸ் இலவசம், கல்லூரி லேபிலேயே போட்டுக்கொள்ளலாம். இஸ்ரோவின் புவன் தளத்தில் படங்கள் பார்க்கலாம். லேண்ட்சாட், சென்டினல் படங்களைக் காசில்லாமல் இறக்கலாம். மாந்தோப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி, பங்குனிப் படத்தை எடு, மேகம் குறைவாக இருக்கும்.

ஒரு குழி மட்டும் சொல்லிவிடுகிறேன், நான் விழுந்தது. யூடிஎம் மண்டலம் என்று கேட்கும். சீனியர் அக்கா ஒருத்தியின் மதுரை புராஜெக்டைப் பார்த்து 44 என்று போட்டேன். மதுரை 78 டிகிரிக்குக் கிழக்கே இருக்கிறது, அதனால் அதற்கு 44 சரி. நாம் 78-க்கு மேற்கே. நமக்கு 43. மண்டல எல்லை நமக்கும் மதுரைக்கும் நடுவே போகிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் வரைபடத்தின் ஆயத்தொலைவுகள் எல்லாம் வேறு கணக்கில் வர, ஜிபிஎஸ்ஸில் குறித்த எண்களைச் சேர்த்தபோது கிணறு ஒன்றுகூட அதன் இடத்தில் உட்காரவில்லை. இரண்டு ராத்திரி போனது.

மூன்றாம் வருஷப் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலையாதே. மஞ்சளாற்றின் நீர்ப்பிடிப்பை எடு. ஓடைகளுக்கு வரிசை போடுவது, நிலப் பயன்பாடு, 2011 கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டிலிருந்து ஊர் வாரியான எண்கள், இவற்றோடு பழைய ஆட்களிடம் நாலு கேள்வி. அப்பத்தாவே ஒரு அத்தியாயத்துக்குச் சேதி சொல்லும்.

மலைக்குள் போவதானால் மட்டும் விளையாடாதே. தாளில் காப்புக்காடு என்று குறித்த இடத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. மாசியிலிருந்து கோடை மழை வரைக்கும் தீ பிடிக்கிற காலம். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் மலையேறப் போனவர்களுக்குக் காட்டுத்தீயில் நேர்ந்ததை நீயும் கேட்டிருப்பாய்.

காசு, வேலை

ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் நீ. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022 செப்டம்பரிலிருந்து கொடுக்கிறார்கள். பேங்க் கணக்கோடு ஆதார் இணைந்திருக்கிறதா என்று ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் பார்த்துக்கொள். அங்கே போய் அலைய முடியாது.

வேலையைப் பற்றி அப்பா கேட்டால், பி.எட். முடித்தால் சமூக அறிவியல் ஆசிரியர், வரைபட மென்பொருள் தெரிந்தால் ஜிஐஎஸ் கம்பெனி, போட்டித் தேர்வு எழுதினால் பொது அறிவில் கால்வாசி ஏற்கெனவே படித்தது என்று சொல். அப்பத்தா கேட்டால் ஒன்றும் சொல்லாதே. அடுத்த லீவுக்கு வரும்போது 58 எஃப்/12-ஐ ட்ரேஸ் எடுத்துக் கொண்டுவந்து திண்ணையில் விரித்துக் காட்டு. வத்தலக்குண்டில் பஸ் மாறும்போது மழை பிடித்துக்கொள்ளும், சுருளைப் பாலித்தீன் பையில் போட்டுக் கட்டிக்கொள்.