ஒற்றைக் கண் காமிரா

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை மற்றக் கண்ணருகே பிடியுங்கள். எதிரே உள்ள பள்ளிக் கட்டடமே மறைந்துவிடும். விரல் வளர்ந்துவிட்டதா என்ன? ஒரு பொருள் கண்ணில் அமைக்கும் கோணத்தைப் பொறுத்ததே அதன் தோற்றம். கிட்டே வந்தால் கோணம் விரியும். எட்டப் போனால் குறுகும். இரு கண்களாலும் பார்க்கையில் தூரம் புலப்படுவதால் நாம் ஏமாறுவதில்லை. காமிராவுக்கோ ஒரே கண்! விளம்பரக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள்.

சிறுமி ஒருத்தி பிஸ்கட் பொட்டலத்தைக் கை நீட்டி லென்சுக்கு அருகில் காட்டினால், பொட்டலம் அவள் முகத்தைவிடப் பெரிதாகிறது. தரையோடு தாழ்த்தி வைத்த காமிராவில் சாதாரண மோட்டார் சைக்கிளும் யானை போல் நிமிர்கிறது. அகலக் கோண லென்சு சிறிய அறையைக் கல்யாண மண்டபமாக்கிவிடும். வீடு வாங்கும் பெற்றோர் இதைக் கவனிப்பது நல்லது.

இனி, கண்ணாடி. பொருள் எவ்வளவு முன்னே உள்ளதோ, பிம்பம் அவ்வளவு பின்னே தெரியும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். அதனால்தான் சுவரில் கண்ணாடி பதித்த கடை இரு மடங்கு நீளமாகத் தெரிகிறது. இரு கண்ணாடிகளை 60 பாகையில் நிறுத்தி, நடுவே ஒரு வளையலை வையுங்கள். 5 பிம்பங்கள் சேர்ந்து 6 வளையல்களாகும். எழுத்து இடவலம் மாறியிருந்தால் பிம்பம் என்று கண்டுகொள்ளலாம். வளையலில் எழுத்து ஏது?

இவையெல்லாம் அழகுக்காக என்று விட்டுவிடலாம். அமெரிக்காவில் நடந்ததை அப்படி விட முடியாது. லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு என்னும் கம்பெனி, தன் கார்க் கண்ணாடி வழியே காட்சி தெளிவாகத் தெரிவதாகவும், சாதாரணக் கண்ணாடியில் கோணல்மாணலாகத் தெரிவதாகவும் தொலைக்காட்சியில் காட்டியது. உண்மையில், சாதாரணக் கண்ணாடியில் வாஸ்லைன் தடவியிருந்தார்கள். தங்கள் கண்ணாடியையோ கீழே இறக்கிவிட்டுத் திறந்த ஜன்னல் வழியே படம் பிடித்திருந்தார்கள்! வணிக ஆணையம் விதித்த தடையை 1965-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது.

நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் பொட்டலத்தை லென்சருகே நீட்டுவது ஏமாற்றா? "நிகர எடையைத்தான் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கிறோமே" என்பார்கள். அந்த எழுத்து படத்தில் தெரிகிறதா என்று, இன்று மாலை தம்பி தங்கையரோடு விளம்பரம் பார்க்கையில் தேடிப் பாருங்கள்.