தோசைக்கல்லுக்குச் சோப்பு ஆகாதா?

ஆடி, தை, பங்குனி மாதங்களின் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு வருகிறவர்கள், பொங்கல் வைத்து முடித்ததும் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றாமல் ஊர் திரும்புவதில்லை. தோசைக்கல்லோ பணியாரச் சட்டியோ வாங்கினால் அறிவுரையும் இலவசமாகக் கிடைக்கும். அதில் பாதி தப்பு.

"சோப்பு மட்டும் படவே கூடாது" என்பார்கள். பழகிய கல்லின் கறுப்பு, சூட்டில் எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிப்போன கெட்டியான படலம். பாத்திரம் கழுவும் திரவம் மேலே மிதக்கிற எண்ணெயை எடுக்குமே தவிர, இந்தப் படலத்தை அசைக்காது. அந்தக் காலத்துச் சவுக்காரத்தில் காரம் தூக்கலாக இருந்தது, அது படலத்தை அரித்தது. அப்பத்தாக்கள் பயந்ததில் நியாயம் உண்டு. இன்று பயப்பட வேண்டியது சபீனாவும் கம்பி நாரும் போட்டு வறட்டு வறட்டென்று தேய்ப்பதற்கும், ராத்திரி முழுக்கத் தொட்டியில் ஊறப்போடுவதற்கும்தான்.

"வடிகஞ்சியில் மூணு நாள் ஊறினால் கல் பழகிவிடும்." கஞ்சியின் புளிப்பு புதுக்கல்லின் அழுக்கையும் துருவையும் இளக்கும், அவ்வளவே. பழக்குவது நெருப்பும் எண்ணெயும். கல்லைக் கழுவி அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, சில சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பாதி வெங்காயத்தால் பரவலாகத் தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய் பூசியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்து, புகை கிளம்பும்வரை விட வேண்டும். நாலைந்து தடவை இப்படிச் செய்தால் போதும். தாராளமாக ஊற்றினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

இரும்புக்கு எண்ணெய் பூசுவது சிவகாசிப் பக்கத்து ஆட்களுக்குப் புதுச் சங்கதி அல்ல. மத்தாப்பில் பொன்னிறப் பொறி தெறிப்பது இரும்புத்தூளால். மருந்துக் கலவையில் அது துருவேறிக் கெடாமலிருக்க எண்ணெய்ப் பூச்சு கொடுப்பது வாணத்தொழிலின் பழைய வழக்கம்.

"இரும்பு எங்கேயாவது உடையுமா?" உடையும். வார்ப்பிரும்பில் 2 முதல் 4 சதவீதம் கரி இருப்பதால் அது கடினம், ஆனால் நொறுங்கும் ஜாதி. (தகட்டுக்கல் வளையும், உடையாது.) 18ஆம் நூற்றாண்டில் பீஜிங்கில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தான்கார்வில், சீனர்கள் வாணத்துக்கு இரும்புப்பொடி எடுத்த விதத்தை எழுதியிருக்கிறார்: உதவாத பழைய இரும்புச் சட்டிகளைத் துண்டாக்கி, பழுக்கக் காய்ச்சி, குளிர்ந்த நீரில் போட்டு, பிறகு இடித்துப் பொடியாக்கினார்கள். காய்ந்த கல்லைக் குழாயடியில் காட்டுகிறவர்களும் சின்ன அளவில் அதைத்தான் செய்கிறார்கள். தோசை வார்க்குமுன் தெளிக்கிற கை நீரால் ஆபத்தில்லை.

துரு பிடித்த கல்லை எடைக்குப் போடவும் வேண்டாம். துருவில் விஷமில்லை; ரணஜன்னி துருவால் அல்ல, கிருமியால் வருவது. புளியும் உப்புத்தாளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மறுபடி பழக்கினால் தீர்ந்தது. உப்புத்தண்ணீர் ஊர்களில் கழுவிய கையோடு அடுப்பில் காட்டாவிட்டால், விடிவதற்குள் செம்புள்ளி விழும்.

இரும்புச் சட்டியில் சமைத்தால் ரத்தசோகை தீரும் என்பதில் பாதி உண்மை. புளிக்குழம்பு போன்ற புளிப்பான பண்டத்தில் இரும்பு கூடுதலாக இறங்கும். கூடவே படலமும் கொஞ்சம் கரையும். ஆனால் எவ்வளவு இறங்கும் என்பது சட்டிக்குச் சட்டி மாறும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சட்டியை நம்பி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். குழம்பு கொதித்து இறங்கியதும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.