இரத்தக்கட்டியைத் தடுக்கும் குளிசை: எது யாருக்கு?



சில பேருக்கு நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும். இதயத்தின் மேலறை சரியாகச் சுருங்காததால் அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். இவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. கொழுந்து பறிக்கிற கை விழுந்தால் வீடே விழுந்த மாதிரிதான். அதனால்தான் டொக்டர் குளிசை தருகிறார்.

1. வார்பரின்: 1954 முதல் பாவனையில் உள்ள மருந்து, விலை குறைவு. பாரிசவாத ஆபத்தை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும். ஐ.என்.ஆர். என்ற இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. பெரும்பாலானோருக்கு அது 2க்கும் 3க்கும் இடையில் இருக்க வேண்டும். குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் இரத்தம் கசியும். வல்லாரை, பொன்னாங்காணி சாப்பிடலாம்; ஆனால் ஒரு வாரம் நிறைய, மறுவாரம் ஒன்றுமேயில்லை என்று இருக்கக் கூடாது.

2. புதிய குளிசைகள்: டபிகட்ரான், ரிவரொக்சபான், அபிக்சபான். ஐ.என்.ஆர். தேவையில்லை, விலை கூட. 2011இல் வெளியான, 18,201 பேர் கொண்ட ஆய்வில் அபிக்சபான் வார்பரினை விடப் பாரிசவாதத்தையும் பெரிய இரத்தப்போக்கையும் குறைத்தது. ஆனால் ஒரு வேளை தவறினாலே பாதுகாப்பு போய்விடும். சிறுநீரக நோய் இருந்தால் முதலில் சொல்லுங்கள்.

3. அஸ்பிரின்: இந்த நோய்க்கு ஐந்தில் ஒரு பங்குதான் பலன். வார்பரினுக்குப் பதிலாகாது.

அப்படியானால் எல்லாரும் புதியதுக்கு மாறலாமா? கூடாது. சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 24 நாடுகளில் இப்படிப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022இல் வெளியானது. அதில் ரிவரொக்சபான் எடுத்தவர்களை விட வார்பரின் வகை மருந்து எடுத்தவர்களில் இறப்பு குறைவு. உலோக வால்வு போட்டவர்களுக்கும் வார்பரின்தான். ஆனால் வார்பரின் கருவிலுள்ள பிள்ளையைப் பாதிக்கும். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தவுடனே கிளினிக்கில் சொல்லுங்கள்.

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் கடை வேலைக்குப் போகிற பிள்ளைகள் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். அங்கே கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் காட்டினாலும், எந்தக் குளிசை, எத்தனை மில்லிகிராம் என்று தெரிய வேண்டும். நோன்பு பிடிப்பவர்கள் குளிசையை விட்டுவிட வேண்டாம். ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் எப்படி மாற்றுவது என்று ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் கேளுங்கள்.

நோவு குளிசையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். மலம் கறுத்தாலும், தலையில் அடிபட்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். முகம் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.