கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுகிறதா? கேஸ் ஏற்றும் முன் இதைப் பாருங்கள்

ஏசியைப் போட்டதும் பானட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். நாலு விநாடி கழித்து இன்னொரு 'டக்'. கிளட்ச் பிடிப்பதும் விடுவதுமாகவே இருந்தால் காற்று சில்லென்று வராது. கிளட்சும் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் விட்டால் பெரும்பாலும் வரும் பதில், "கேஸ் கம்மி, ஏத்திடலாம்." ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. என் காரில் ஒரே கோடையில் இரண்டு முறை கேஸ் ஏற்றினேன். அதன் பிறகுதான் கண்டென்சர் மூலையில் நகக்கண் அளவு எண்ணெய்ப் பிசுக்கு கண்ணில் பட்டது.

கேஸ் அழுத்தம் மிகவும் இறங்கினாலும், 400 பிஎஸ்ஐ-க்கு மேல் எகிறினாலும், கூலிங் காயில் உறைநிலையை நெருங்கினாலும் கம்ப்ரஸர் தானே நின்றுவிடும். அது பாதுகாப்பு ஏற்பாடு. நிறுத்துவது இந்த மூன்றில் எது, அல்லது வேறு கோளாறா என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை. கிளட்ச் இல்லாத கம்ப்ரஸர் உள்ள கார்களுக்கு இந்த முறை பொருந்தாது.

1. எண்ணிப் பாருங்கள். வெயில் நேரத்தில் கதவுகளைத் திறந்து வைத்து, புளோயரை முழு வேகத்திலும் ஏசியை முழுக் குளிரிலும் 10 நிமிடம் ஓட விட்டு, பானட்டைத் திறந்து பாருங்கள். தொங்கும் துணி, துப்பட்டா, நீண்ட கூந்தல் எதுவும் பெல்ட், ஃபேன் பக்கம் போகக்கூடாது. ஃபேன் எந்த நொடியும் சுற்றத் தொடங்கும். இன்ஜின் ஓடும்வரை கம்ப்ரஸரின் புல்லி சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் முகப்பில் உள்ள தட்டும் சேர்ந்து சுற்றினால்தான் கம்ப்ரஸர் ஓடுகிறது என்று பொருள். எத்தனை விநாடி ஓடுகிறது, எத்தனை விநாடி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடும் வெயிலில் அது நீண்ட நேரம் விடாமல் ஓட வேண்டும்.

2. எப்போது நிற்கிறது என்று கவனியுங்கள்.

- போட்ட சில விநாடிகளிலேயே நின்று நின்று ஓடுகிறது, குளிரும் இல்லை: கேஸ் குறைவாக இருக்கலாம்.
- ஓட்டும்போது நன்றாக இருக்கிறது, சிக்னலில் நின்றால் மட்டும் கோளாறு: கண்டென்சருக்குக் காற்று போதவில்லை.
- முதலில் நல்ல குளிர், அரை மணியில் காற்றின் வேகமே குறைகிறது: கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது.
- மேடு பள்ளத்தில் ஏறி இறங்கினால் விட்டுப்போகிறது: ஒயர் அல்லது ரிலே.

இன்ஜின் சூடு மீட்டரையும் பாருங்கள். இன்ஜின் அதிகம் சூடானால் பல கார்களில் ஏசி தானே நின்றுவிடும்.

3. செலவில்லாததை முதலில் முடியுங்கள். கேபின் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள், அடைத்திருந்தால் மாற்றுங்கள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, கண்டென்சரில் ஒட்டிய பூச்சி, மண், இலையை மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஏசி போட்டதும் முன்பக்க ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஏசி ரிலேயை, அதே எண்ணுள்ள இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றிச் சோதிக்கலாம்.

4. கசிவைத் தேடுங்கள். கேஸ் கசியும்போது கம்ப்ரஸர் எண்ணெயும் கூடவே வரும். அதில் தூசி ஒட்டிக் கருத்திருக்கும். குழாய் இணைப்புகள், கண்டென்சரின் அடிப்பகுதி, கம்ப்ரஸரின் முன்பக்கம் ஆகிய இடங்களில் டார்ச் அடித்துப் பாருங்கள். சந்தேகமான இடத்தில் இன்ஜினை அணைத்தபின் சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். சிறு கசிவுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒளிரும் சாயமிட்டுப் பார்ப்பார்கள்.

5. அழுத்தம் பார்க்கும் கேஜ் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். கேஸ் தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஏசி ஓடும்போது உயர், தாழ் என இரு பக்க அழுத்தமும் குறைவாக இருந்தால் கேஸ் குறைவு. இரண்டுமே அதிகம் என்றால் கேஸ் கூடுதலாக ஏறியிருக்கும், அல்லது ஃபேன் கோளாறு. இன்ஜின் நிற்கும்போது காட்டும் அழுத்தத்தை நம்ப வேண்டாம். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலே அது சரியாகத்தான் காட்டும்.

6. சரிசெய்யும் வரிசையை விடாதீர்கள். முதலில் கசிவை அடைக்க வேண்டும். பிறகு குறைந்தது 30 நிமிடம் வேக்யூம் போட்டு, அது இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கேஸ். பானட் அடியில் உள்ள ஸ்டிக்கரில் கேஸின் வகையும் கிராம் கணக்கும் இருக்கும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோகூடத் தேவைப்படாது. அதனால் கையால் தொட்டு 'போதும்' என்று நிறுத்தாமல், எடை போட்டு ஏற்றச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் அதே வெயில் நேரத்தில் முதல் படியைத் திரும்பச் செய்து விநாடிகளைக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால், கேஸ் பெரும்பாலும் உள்ளேயே இருக்கிறது.