ஒரே எந்திரத்தில் இரண்டு கூண்டுகள்

கோலார் தங்கவயலில் கேமராவும் ஸ்கேனருமாக அலையும் தம்பி தங்கைகளுக்கு,

சாம்பியன் ரீஃப், ஊர்காம், மாரிக்குப்பம் பக்கத்து லைன் வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள், பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கும் படங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வருகின்றன. சுரங்கத்துக்கு இறங்கப்போகும் ஷிப்டு ஆட்கள், கல்யாணக் கோலத்தில் ஒரு பாட்டி, ஓரம் கரையான் அரித்த ஒரு திருவிழாக் கூட்டம். பேரப்பிள்ளைகள் அவற்றை ஸ்கேன் செய்து மடிக்கணினியில் சேர்க்கிறார்கள். இந்த வேலையின் மதிப்பு தெரிய, மண்ணுக்கு அடியில் இப்போது என்ன இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்த இந்த வயலில், பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று வேலையை நிறுத்தியது. நீர் இறைக்கும் பம்புகள் ஓய்ந்தன. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. 1965-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறிந்தது இந்தச் சுரங்கத்தில்தான். இனி எந்தக் கலைஞரும் அங்கே இறங்கிப் படம் எடுக்க முடியாது. பெட்டியில் மிஞ்சியதுதான் மிச்சம்.

அப்படிப்பட்ட படங்கள் தீயிலோ வெள்ளத்திலோ போவதைவிட, ஒரு சாதாரண சாயங்காலத்தில் ஒரே ஒரு டெலிட் பொத்தானில் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

வழக்கமாக நடப்பது இதுதான். மடிக்கணினியில் இடம் தீர்ந்து சிவப்புக் கோடு வருகிறது. படங்கள் எல்லாம் ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ ஏறியிருக்கின்றன. "மேலேதான் இருக்கிறதே, கீழே இருப்பதை அழித்தால் என்ன?" என்று ஸ்கேன் செய்தவர் முழு ஃபோல்டரையும் அழிக்கிறார். சற்று நேரத்தில் மேலே இருந்ததும் காணாமல் போகிறது. அதே கணக்கில் இணைந்த இன்னொரு கணினியிலும் போகிறது.

இதில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தச் செயலி தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஷாஃப்ட்டில் ஒரே எந்திரத்தின் உருளையில் இரண்டு கூண்டுகளின் கயிறும் சுற்றியிருக்கும். ஒன்றை அசைத்தால் மற்றதும் அசைந்தே தீரும். சிங்க் என்பதும் அப்படித்தான். இரண்டு இடமும் எப்போதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட கட்டளை. புதிதாகச் சேர்த்த படம் எப்படி மேலே போகிறதோ, அழித்த செய்தியும் அப்படியே போகும்.

விண்டோஸ் கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒன்டிரைவ் ஃபோல்டரில் சில கோப்புகளின் அருகே நீல மேகக் குறி தெரியும். பெயர் மட்டும்தான் கணினியில் இருக்கிறது, படம் இணையத்தில் இருக்கிறது என்பது அதன் பொருள். வட்டில் அது பிடிக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதை அழித்தால் ஓர் அங்குல இடம்கூடக் கிடைக்காது, இருந்த ஒரே பிரதி போய்விடும். கணினியின் ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் அது அகப்படாது. ஒன்டிரைவ் தளத்தில் நுழைந்து அங்குள்ள குப்பைத் தொட்டியில்தான் தேட வேண்டும். இடம்தான் வேண்டுமென்றால், பச்சை டிக் குறியுள்ள கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதைத் தேர்ந்தெடுப்பதே வழி. கணினியில் உள்ள பிரதி மட்டும் போகும், மேலே உள்ளது நிற்கும்.

மறுதிசையிலும் இதே கதைதான். பல புதிய கணினிகளில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றுமே ஒன்டிரைவோடு பிணைந்திருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. இலவச 5 ஜிபி சீக்கிரம் நிரம்பிவிடும். இணையத்தில் நுழைந்து அழித்தால், கணினியின் டெஸ்க்டாப் காலியாகும். அழிப்பதற்கு முன் அந்தப் படங்களை ஒன்டிரைவுக்கு வெளியே ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, திறந்து பார்த்து, பிறகே கை வைக்க வேண்டும். போனில் கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை: பேக்கப் செய்த படத்தைச் செயலியில் அழித்தால், போனிலும் மேலேயும் சேர்ந்தே போகும்.

தவறு நடந்துவிட்டால் பதற வேண்டாம், ஆனால் நாட்களை எண்ண வேண்டும். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கின் தொட்டியில் 30 நாள். அலுவலக, கல்லூரிக் கணக்குகளில் பொதுவாக 93 நாள். கூகுள் டிரைவில் 30 நாள். 2020 அக்டோபருக்கு முன் அங்கே தானாகக் காலியாகும் வழக்கம் இல்லை, அந்தப் பழைய நினைப்பில் இன்னும் பலர் இருக்கிறார்கள். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படங்களுக்கு 60 நாள். அந்தக் கெடு தாண்டினால் மீட்பதற்கு வழி இருப்பது அபூர்வம்.

வேறு பிரதி இல்லாமல் இழப்பது பெரிய இடங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் பயன்படுத்திய ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட் அழிந்தது. வெளியே வேறு பிரதி இல்லை. ஓர் அரசாங்கமே ஒற்றைப் பிரதியை நம்பியிருந்தது என்பதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். தங்கவயலில் இதற்குச் செலவு அதிகமில்லை. ஒன்று மடிக்கணினியில், ஒன்று மேகத்தில், ஒன்று சிங்க் தொடாத வெளி ஹார்டு டிஸ்க்கில். படங்களை நகலெடுத்ததும் அந்த டிஸ்க்கைப் பிடுங்கிவிட வேண்டும். செருகியே கிடந்தால் கை தவறுவதும் வைரஸும் அதையும் தொடும். காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் அண்ணனோ அக்காவோ அதைக் கொண்டுபோய் அங்குள்ள சொந்தக்காரர் வீட்டு பீரோவில் வைக்கலாம்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வைஃபையை அணைத்துவிட்டு, அந்த ஃபோல்டரில் பத்துப் படங்களைத் திறந்து பாருங்கள். எத்தனை திறக்கின்றனவோ, அத்தனைதான் உங்கள் கணினியில் உண்மையாகவே இருக்கின்றன.